கேவிஎம் வழியா வந்தா மட்டும் எழுத்து நடுங்குது: ஒரு மானிட்டர், ரெண்டு கம்ப்யூட்டர்

#1 இரட்டைமேசை

ரெண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவா ஒரு மானிட்டர், நடுவுல 2 போர்ட் விஜிஏ கேவிஎம் பாக்ஸ் (ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரை ரெண்டுக்கும் மாத்தி மாத்திக் கொடுக்கிற பெட்டி). அமைப்பு இப்படி இருக்கு:

மானிட்டர்: 1920×1080 எல்சிடி. விஜிஏ, டிவிஐ ரெண்டு இன்புட்டும் உண்டு. இப்போ விஜிஏ மட்டும்தான் பயன்பாட்டில்.
ஏ: டெஸ்க்டாப். போர்டிலேயே விஜிஏ அவுட் இருக்கு. கேவிஎம் வரைக்கும் 1.8 மீட்டர் கேபிள்.
பி: லேப்டாப். எச்டிஎம்ஐ மட்டும்தான். அதில் ஒரு சின்ன விஜிஏ கன்வர்ட்டர், அங்கிருந்து 3 மீட்டர் கேபிள்.
கேவிஎம்: தனி அடாப்டர் போடலை, யூஎஸ்பி-லிருந்தே கரன்ட் எடுத்துக்குது. மானிட்டருக்கு 1.8 மீட்டர் கேபிள்.
ரெண்டு மெஷினும் 1920×1080, 60 ஹெர்ட்ஸ்.

கோளாறு மூணு.

1. பி-க்கு மாத்தினா எழுத்தோட ஓரமெல்லாம் இடமும் வலமுமா நடுங்குது. மானிட்டரில் ஆட்டோ அட்ஜஸ்ட் அழுத்தினா நின்னுடும். ஆனா திரும்ப ஏ-க்கு வந்தா இப்போ அங்கே நடுங்குது. ஏ-யைச் சரி பண்ணினா பி கெட்டுப்போகுது.
2. பி-யில் வெளிர் சாம்பல் பின்னணி வரும்போது படுக்கைவாக்கில் ஒரு மங்கலான பட்டை வேகமா ஓடுற மாதிரி துடிக்குது.
3. பி-யில் அப்பப்போ ஒரு நொடி திரை கறுத்துட்டு வருது.

கன்வர்ட்டரை நேரா மானிட்டரில் சொருகினா முதல் ரெண்டும் இல்லை. மூணாவது அப்பவும் இருக்கு. கேவிஎம் பாக்ஸை மாத்தினா தீருமா, இல்ல வேற எங்கயாவது பார்க்கணுமா?

#2 பின்பதினைந்து

முதல்ல ஒண்ணு பாருங்க. படம் நடுங்கும்போது மானிட்டரோட சொந்த மெனுவைத் திறங்க. மெனு எழுத்தும் சேர்ந்து நடுங்குதா, இல்ல மெனு அசையாம நின்னு பின்னாடி இருக்கிற படம் மட்டும் நடுங்குதா?

மெனுவை மானிட்டர் தனக்குள்ளேயே வரையுது, அதுக்கு வெளியிலிருந்து வர்ற சிக்னலோட சம்பந்தமே இல்லை. மெனுவும் ஆடினா பேனல், உள் பவர் போர்டு, பேக்லைட் பக்கம் போகணும். மெனு நின்னா மானிட்டரைத் திறக்கிற வேலையே கிடையாது.

#3 இரட்டைமேசை

மெனு கல்லு மாதிரி நிக்குது. படம் மட்டும்தான் நடுங்குது.

#4 செம்புக்கம்பி

அப்படியானால் சிக்னல் பாதைதான். உங்கள் மூன்று அறிகுறிகளுக்கும் காரணம் மூன்று, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒரே பெட்டியை மாற்றி மூன்றையும் தீர்க்கப் பார்த்தால் பணம்தான் போகும். முதலில் எழுத்து நடுக்கம்.

விஜிஏ-யில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 0.7 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் அனலாக் சிக்னல்கள். அவற்றோடு 13-ஆம் பின்னில் கிடைச் சிங்க் (ஒவ்வொரு வரியும் தொடங்குவதைச் சொல்லும் துடிப்பு), 14-இல் செங்குத்துச் சிங்க் (ஒவ்வொரு முழுப் படமும் தொடங்குவதைச் சொல்லும் துடிப்பு). எந்தக் கணத்தில் எந்தப் பிக்சல் என்று சொல்லும் கடிகாரம் மட்டும் கேபிளில் வருவதே இல்லை. மானிட்டர் கிடைச் சிங்க்கின் விளிம்பைப் பிடித்து, அதிலிருந்து பிக்சல் கடிகாரத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. 1920×1080, 60 ஹெர்ட்ஸில் அது 148.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு பிக்சலுக்கு 6.7 நானோநொடி. அந்த 6.7-ம் முழுதாகக் கிடைக்காது. முந்தைய பிக்சலின் அளவிலிருந்து புதிய அளவுக்கு ஏறி நிலைக்கும் நேரத்தைக் கழித்தால், நம்பி அளக்கக்கூடிய இடைவெளி அதில் ஒரு பகுதிதான்.

மானிட்டர் மெனுவில் ‘ஃபேஸ்’ என்று இருப்பது, அந்தச் சின்ன இடைவெளியில் எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பதை நகர்த்தும் அமைப்பு. பிக்சல் நிலைத்த பிறகு அளந்தால் எழுத்து அசையாது. ஏறிக்கொண்டிருக்கும்போது அளந்தால், சிங்க் விளிம்பு அரை நானோநொடி முன்பின் ஆனாலும் ஒரு முறை கறுப்பு, அடுத்த முறை சாம்பல் என்று மாறி மாறி வரும். நீங்கள் பார்க்கும் நடுக்கம் அதுதான்.

கேவிஎம் இங்கே செய்யும் கெடுதல் இரண்டு. சிங்க் ஒரு லாஜிக் பஃபர் வழியாகவும் நிறங்கள் அனலாக் ஸ்விட்ச் வழியாகவும் போவதால் இரண்டுக்கும் இடையில் தாமதம் மாறுகிறது. போதாததற்குச் சிங்க்கின் விளிம்பு சாய்ந்து, எந்தக் கணத்தில் அது வந்தது என்பதில் தடுமாற்றம் கூடுகிறது.

ஆட்டோ அட்ஜஸ்ட்டை நம்புவதை விடக் கையால் சரிசெய்வது மேல். அதற்கு ஒரு படம் வேண்டும்: 1920×1080 அளவில், ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று செங்குத்துக் கோடுகள். பெயின்ட் போன்ற எந்தப் படக் கருவியிலும் செய்யலாம். அளவு மாற்றாமல் 100 சதவீதத்தில் முழுத்திரையாகக் காட்டுங்கள். விண்டோஸில் டிஸ்ப்ளே ஸ்கேலிங் 125 என்று இருந்தால் அதையும் 100-க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும்.

இப்போது முதலில் ‘கிளாக்’, அதாவது ஒரு வரியை எத்தனை பிக்சலாகப் பிரித்து அளப்பது என்ற அமைப்பு. அது தவறாக இருந்தால் திரையில் இடமிருந்து வலமாக அகலமான செங்குத்துப் பட்டைகள் தெரியும், ஒரு பட்டை தெளிவு, அடுத்தது சாம்பல். பட்டைகளின் எண்ணிக்கை குறையும் திசையில் நகர்த்திக்கொண்டே போய், ஒன்று கூட இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகுதான் ‘ஃபேஸ்’. முழுத்திரையும் ஒரே சீராகத் தெளிவாகும் எல்லை ஒன்று இருக்கும். உதாரணமாக 22-இல் தெளிவு தொடங்கி 40-இல் நடுங்க ஆரம்பித்தால் 31-இல் வையுங்கள். தெளிவாகத் தெரிந்த முதல் எண்ணிலேயே நிறுத்திவிட்டால், பெட்டி சூடேறித் தாமதம் நகர்ந்ததும் மறுபடி நடுங்கும். கிளாக் தவறாக இருக்கும்போது ஃபேஸை எவ்வளவு திருகினாலும் திரையின் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெடும்.

#5 ஓரக்கோடு

மேல சொன்னது சரி. ஆனா அவர் கேட்ட கேள்விக்கு அது பாதி பதில்தான். ஏ-யைச் சரி பண்ணினா பி ஏன் கெடுது?

மானிட்டர் இந்த ஃபேஸ் அமைப்பை ‘எந்தக் கம்ப்யூட்டர்’னு பார்த்துச் சேமிக்கிறது இல்லை. அதுக்கு அது தெரியவும் தெரியாது. பொதுவா கிடைச் சிங்க்கோட வேகம், செங்குத்துச் சிங்க்கோட வேகம், ரெண்டோட போலாரிட்டி (துடிப்பு பாசிட்டிவா நெகட்டிவா), இதையெல்லாம் வச்சுத்தான் ‘இது இன்ன மோடு’ன்னு அடையாளம் பிடிச்சுச் சேமிக்கும். உங்க ரெண்டு மெஷினும் அனுப்புறது ஒரே 1080, 60 ஹெர்ட்ஸ். மானிட்டருக்கு ரெண்டும் ஒரே ஆள். ஏ-க்குச் சேமிச்ச ஃபேஸ் பி-க்கும் போகுது. ஆனா பி-யோட பாதையில் கன்வர்ட்டரும் 3 மீட்டர் கேபிளும் இருக்கிறதால சிங்க்குக்கும் நிறத்துக்கும் நடுவுல தாமதம் வேற. ஒண்ணு சரியானா இன்னொண்ணு கெடத்தான் செய்யும்.

தீர்வு: ரெண்டுக்கும் வேற வேற டைமிங் கொடுங்க. ரெசல்யூஷன் மாத்த வேண்டாம்.

ஏ-யில் வழக்கமான 1080 டைமிங் இருக்கட்டும். திரையில் தெரியாத இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு மொத்தம் 2200 பிக்சல், 1125 வரி, 148.5 மெகாஹெர்ட்ஸ், கிடைச் சிங்க் 67.5 கிலோஹெர்ட்ஸ், ரெண்டு சிங்க்கும் பாசிட்டிவ்.

பி-யில் சிவிடி ரெட்யூஸ்டு பிளாங்கிங், அதாவது அந்தத் தெரியாத இடைவெளியைக் குறைச்ச டைமிங். ஒரு வரிக்கு 2080, மொத்தம் 1111 வரி, 138.5 மெகாஹெர்ட்ஸ், கிடைச் சிங்க் சுமார் 66.6 கிலோஹெர்ட்ஸ், கிடை பாசிட்டிவ், செங்குத்து நெகட்டிவ். ரிஃப்ரெஷ் 59.93 வரும், கண்ணுக்குத் தெரியாது.

போலாரிட்டியும் வேகமும் ரெண்டுமே மாறுறதால மானிட்டர் இதைத் தனி மோடா எடுத்துக்கும். அப்புறம் ரெண்டுலயும் ஒரு தடவை கிளாக், ஃபேஸ் சரி பண்ணுங்க, தனித்தனியா நிக்கும். லினக்ஸ்னா சிவிடி கட்டளையில் ‘ஆர்’ விருப்பம் சேர்த்தா அந்த மோடு வரி அப்படியே கிடைக்கும், எக்ஸ்ராண்டர்ங்கிற கட்டளையில் புது மோடா சேர்த்துக்கலாம். விண்டோஸ்னா கிராஃபிக்ஸ் டிரைவரோட கன்ட்ரோல் பேனலில் கஸ்டம் ரெசல்யூஷன் போய், டைமிங் ஸ்டாண்டர்டில் ரெட்யூஸ்டு பிளாங்க் எடுங்க. புது மோடு போட்டதும் வர்ற ‘வச்சுக்கலாமா’ங்கிற கேள்விக்கு அவசரப்பட்டு ‘ஆம்’ சொல்லாதீங்க. படம் வராட்டி சும்மா இருந்தாலே பழையதுக்குத் திரும்பிடும்.

#6 ஓசையற்றவன்

இந்தக் காலத்துல எதுக்கு விஜிஏ? தூக்கிப் போட்டுட்டு ஒரு டிஜிட்டல் டிஸ்ப்ளேபோர்ட் கேவிஎம் வாங்குங்க, எல்லாம் தீரும்.

#7 எட்டுபிட்

தீராது, நோய்தான் மாறும். டிஜிட்டலில் எழுத்தோரம் நடுங்காது, ஃபேஸ்ங்கிற விஷயமே அங்கே இல்லை. பதிலுக்கு வர்றதைப் பாருங்க.

வெள்ளைப் பொட்டு மினுக்குறது, அங்கங்கே ஒரு வரி மட்டும் கிழியுறது, சில நொடி கறுத்துப்போறது: இதெல்லாம் கேபிள் கொண்டுபோக வேண்டிய வேகம் அதுக்குத் தாங்கலைன்னு அர்த்தம். 4கே, 60 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ-யில் 594 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 18 ஜிகாபிட். கேவிஎம் போட்டா ‘2 மீட்டர் கேபிள்’ங்கிற கணக்கு இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் 2, மானிட்டர் பக்கம் 2, நடுவுல நாலு கனெக்டர் முகம், ஒரு ஸ்விட்ச் சிப். பாக்ஸுக்குள்ள சிக்னலைப் புதுப்பிச்சு அனுப்புற ரீடைமர் இல்லைன்னா ரெண்டு பக்க இழப்பும் கூடித்தான் மானிட்டருக்குப் போகும்.

சோதிக்கிறது சுலபம். 4கே 60-லிருந்து 4கே 30-க்கு இறக்குங்க. கடிகாரம் பாதியா 297-க்கு வந்துடும். அப்போ மினுக்கல் நின்னா கேபிள் அல்லது பாக்ஸ். அப்பவும் அப்படியே கறுத்துக் கறுத்து வந்தா வேகம் காரணம் இல்லை, ஹாட்பிளக்கும் (மானிட்டர் சொருகியிருக்குன்னு சொல்லுற லைன்) இடிஐடி-யும்தான் (மானிட்டர் தன்னைப் பத்திக் கொடுக்கிற தகவல்). ஸ்விட்ச் பண்ணும்போது பாக்ஸ் ஹாட்பிளக் லைனை விட்டுட்டா, மறுபக்கத்துக் கம்ப்யூட்டர் ‘மானிட்டரைக் கழட்டிட்டாங்க’ன்னு நினைச்சு விண்டோவையெல்லாம் வேற இடத்துல குவிக்கும், ரெசல்யூஷனையும் மாத்தும். இடிஐடி எமுலேஷன் உள்ள பாக்ஸ் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மானிட்டர் எப்பவும் இருக்கிற மாதிரியே காட்டிக்கிட்டிருக்கும். வாங்கும்போது ரெசல்யூஷனுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

டிஜிட்டலில் நிஜமாவே படம் முழுசும் மேல கீழ ஒரு வரி அளவுக்குக் குலுங்கினா 99 சதவீதம் கேபிள் இல்லை. மோடு பட்டியல்ல 1080ஐ-ன்னு இன்டர்லேஸ் மோடு (ஒரு வரி விட்டு ஒரு வரியா வரையுறது) ஒட்டிக்கிட்டிருக்கும், அதை 1080பி-க்கு மாத்தினா நிக்கும். வெளிச்சம் மட்டும் துடிச்சா மானிட்டரிலும் டிரைவரிலும் அடாப்டிவ் சிங்க்கை (ரிஃப்ரெஷ் வேகத்தைத் தானே மாத்திக்கிற வசதி) அணைச்சுப் பாருங்க.

டிஸ்ப்ளேபோர்ட்காரங்களுக்கு ஒண்ணு: கேபிள்ல 20-ஆம் பின் ரெண்டு முனையையும் இணைச்சிருக்கக் கூடாது. அது 3.3 வோல்ட் பவர் பின். அந்த விதியை மதிக்காத மலிவு கேபிள்கள் கிடைக்குது. அதுல மானிட்டரோ கேவிஎம்மோ அணைச்ச கம்ப்யூட்டருக்குள்ள கரன்ட்டைத் தள்ளி, ஆன் ஆகாம படுத்துற அளவுக்குக் கொண்டுபோகும். மல்டிமீட்டர் கன்டினியூட்டியில் ரெண்டு முனை 20-ஆம் பின்னையும் தொட்டுப் பாருங்க, ‘பீப்’ வரக் கூடாது.

#8 இரட்டைமேசை

#5-ல சொன்னபடி பி-யை 138.5 மெகாஹெர்ட்ஸ் டைமிங்குக்கு மாத்தி, ரெண்டுலயும் கோட்டுப் படத்தை வச்சு கிளாக், ஃபேஸ் சரி பண்ணியாச்சு. மானிட்டர் தகவல் மெனுவில் ஏ-க்கு 67.5, பி-க்கு 66.6 கிலோஹெர்ட்ஸ்னு காட்டுது. மாத்தி மாத்திப் போட்டும் ரெண்டும் நிலையா நிக்குது. ஏ-யில் ஃபேஸ் நல்ல எல்லை அகலமா இருக்கு. பி-யில் ரொம்பக் குறுகல், நாலஞ்சு எண்ணுதான்.

பட்டையும் கறுப்பும் பழையபடியே இருக்கு.

#9 செம்புக்கம்பி

பி-யில் எல்லை குறுகலாக இருப்பதற்கு அந்த 3 மீட்டர் கேபிளைத்தான் சந்தேகிப்பேன். கோட்டுப் படத்தின் அடிப்படை அதிர்வெண் பிக்சல் கடிகாரத்தில் பாதி, சுமார் 70 மெகாஹெர்ட்ஸ். ஓரங்கள் கூர்மையாக நிற்க அதன் மூன்று மடங்காவது, அதாவது 210 வரை கேபிளும் பெட்டியும் கடத்த வேண்டும். கேபிளின் மேலுறையைப் பாருங்கள். நிறம் மூன்றுக்கும் தனித்தனிக் கோஆக்ஸ் (சுற்றிலும் உலோக உறை போட்ட கம்பி) உள்ள கேபிள் தடிமனாகவும் வளையத் தயங்குவதாகவும் இருக்கும். சுண்டுவிரலை விட மெலிதாகத் தொய்ந்து கிடந்தால் உள்ளே வெறும் கம்பிகள்தான், நீளம் கூடக்கூட எழுத்து மசமசக்கும். கேவிஎம்மோடு சேர்த்தே தரும் வீடியோ, யூஎஸ்பி இரண்டையும் ஒரே உறையில் அடைத்த கேபிள்களில் இது சகஜம்.

இப்போது பட்டை. இது தரை வளையம், அதாவது எர்த் லூப். நேராகச் சொருகியபோது இல்லை, கேவிஎம் வழியாக மட்டும் வருகிறது என்பதே சாட்சி. கேவிஎம் தேர்ந்தெடுக்காத கம்ப்யூட்டரையும் தரைக் கம்பியால் இணைத்தே வைத்திருக்கிறது. விஜிஏ, யூஎஸ்பி இரண்டின் உறையும் சேர்ந்து ஏ-யின் எர்த்தையும் பி-யின் எர்த்தையும் ஒன்றாக்குகின்றன. இரண்டும் வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் இருந்தால் அந்த எர்த்துகளுக்கு இடையே உள்ள சிறு வோல்ட்டேஜ் கேபிள் உறை வழியே ஓடும். 10 மில்லிஆம்பியர், உறையின் தடை அரை ஓம் என்றால் 5 மில்லிவோல்ட். 0.7 வோல்ட் வீடியோவில் அது 0.7 சதவீதம். வெளிர் சாம்பலில் கண் அதைப் பிடித்துவிடும், கறும்பின்னணியில் தெரியாது.

பட்டை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதே துப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 10. பட்டை நொடிக்குப் பத்து முறை கடந்து போகும், கண்ணுக்கு அது துடிப்பாகத்தான் தெரியும். மின்சாரமும் 60 ஆக இருந்து திரை 59.94 என்றால் ஏறக்குறைய 17 நொடிக்கு ஒரு முறை மெல்ல உருளும். உங்கள் மானிட்டர் ஏற்றுக்கொண்டால் ரிஃப்ரெஷை மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கே மாற்றிப் பாருங்கள். பட்டை ஏறக்குறைய நின்றுவிட்டால் காரணம் உறுதி.

அதை விட எளிய சோதனை: கேவிஎம் எல்லாம் அப்படியே இருக்க, லேப்டாப்பின் சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள்.

#10 இரட்டைமேசை

சார்ஜரைப் பிடுங்கின உடனே பட்டை காணோம். சொருகினா திரும்ப வருது. சார்ஜர் மூணு பின், ஏ இருக்கிற பிளக்கில் இல்லாம எதிர்ச் சுவரில் போட்டிருக்கேன்.

#11 செம்புக்கம்பி

ஏ, பி, மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள், அதை ஒரே சுவர்ப் பிளக்கில். எர்த் வித்தியாசம் சில சென்டிமீட்டர் கம்பிக்குள் அடங்கிவிடும். வீடியோ கேபிளையும் பவர் கேபிளையும் ஒன்றாகக் கட்டி வைக்காதீர்கள்.

சார்ஜரின் எர்த் பின்னை வெட்டும் யோசனையை யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பட்டை போகும், கூடவே பாதுகாப்பும் போகும். சார்ஜருக்குள் இன்சுலேஷன் உடைந்தால் லேப்டாப்பின் உலோக உடலில் கரன்ட் வரும்.

இரண்டு பின் சார்ஜர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அதற்குள் இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர் வழியே லேப்டாப்பின் உடல் மிதந்துகொண்டே இருக்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எங்கும் இணைக்காத லேப்டாப்பின் உலோகப் பகுதிக்கும் எர்த்துக்கும் அளந்தால் மின்சார வோல்ட்டேஜில் பாதி வரை காட்டலாம். கசியும் கரன்ட் மிகச் சொற்பம், உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல் உணர்வு வரும். ஆனால் அந்த நிலையில் விஜிஏ கேபிளைச் சொருகும்போது உறைக்கு முன்னால் உள்பின் தொட்டுவிட்டால் சிப் போக வாய்ப்புண்டு. சொருகும்போது மட்டும் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

#12 பின்பதினைந்து

இனி கறுப்பு. நேரா மானிட்டரில் போட்டாலும் வருதுன்னு முதல் பதிவிலேயே சொல்லிட்டீங்க. அப்போ கேவிஎம் குற்றவாளி இல்லை, கன்வர்ட்டர்தான்.

எச்டிஎம்ஐ-யில் 18-ஆம் பின் 5 வோல்ட். அது இடிஐடி படிக்கிறதுக்காக வச்ச பின். கம்ப்யூட்டர் அதுல 55 மில்லிஆம்பியர் தந்தா போதும்னு விதி. ஒரு கன்வர்ட்டர் சிப்பையும், மூணு 75 ஓம் லைனை ஓட்டுற அனலாக் பகுதியையும் அதுல ஓட்டுறது இழுபறிதான். சில லேப்டாப் தாராளமா தரும், சிலது எல்லையிலேயே நிக்கும். முழு வெள்ளைத் திரை வரும்போது மூணு லைனும் உச்சத்துக்குப் போகும், கரன்ட் கூடும், 5 வோல்ட் தொய்யும், சிப் ஒரு தடவை செத்துப் பிழைக்கும். அதுதான் உங்க ஒரு நொடி.

கன்வர்ட்டரோட பக்கவாட்டுல சின்ன யூஎஸ்பி துளை இருக்கான்னு பாருங்க. பல பேர் அதைக் கவனிக்கிறதே இல்லை. அதுல தனியா 5 வோல்ட் கொடுங்க. துளை இல்லாத மாடல்னா துளை உள்ளதா வாங்குங்க, சின்னப் பொருள்தான்.

சோதனை: வெறும் வெள்ளைப் பக்கத்தை முழுத்திரையில் வச்சு அரை மணி விடுங்க. அடுத்து முழுக் கறுப்பு அரை மணி. வெள்ளையில் மட்டும் விழுந்தா பவர்தான்.

கேவிஎம் பாக்ஸுக்கும் இதே கதை. யூஎஸ்பி 2 போர்ட் தர்றது 500 மில்லிஆம்பியர். அதுல பாக்ஸ், கீபோர்டு, மவுஸ், கீபோர்டுல விளக்கு எரிஞ்சா அதுவும். பாக்ஸுக்குப் பின்னாடி பவர் துளை இருந்தா அடாப்டர் போடுங்க. வோல்ட் எண்ணை மட்டும் பார்த்துப் போடாதீங்க. நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவான்னு அந்த வட்டக் குறியையும் பாருங்க. 5 வோல்ட் பாக்ஸில் 9 வோல்ட் சொருகினா அப்புறம் இந்த இழையே தேவைப்படாது.

#13 நிழற்கோடு

இதே இழையில் கேட்டுக்கிறேன். எனக்கு நடுக்கம் இல்லை. ஆனா கேவிஎம் வழியா வர்ற எழுத்துக்கு வலப்பக்கம் மங்கலா ஒரு நிழல். சுமார் 9 பிக்சல் தள்ளி. 1080, 60 ஹெர்ட்ஸ், விஜிஏ.

#14 செம்புக்கம்பி

பிரதிபலிப்பு. விஜிஏ பாதை முழுக்க 75 ஓமாக இருக்க வேண்டும். எங்காவது அது மாறினால் சிக்னலின் ஒரு பங்கு திரும்பி ஓடி, பின்னால் இன்னொரு பிசகில் மோதி மறுபடி முன்னால் வரும், தாமதமாக.

9 பிக்சல் என்பது 9 × 6.7, ஏறக்குறைய 60 நானோநொடி. கேபிளில் ஒரு மீட்டருக்கு சுமார் 5 நானோநொடி ஆகும். போய்த் திரும்பும் தூரம் 12 மீட்டர், ஆக இரண்டு பிசகுக்கும் நடுவே 6 மீட்டர். உங்கள் கேபிள்களில் எந்த இரண்டு இணைப்புகளுக்கு நடுவே 6 மீட்டர் வருகிறது என்று பாருங்கள், அந்த இரண்டு முனையும்தான் சந்தேகப் பட்டியல்.

மானிட்டரை அணைத்து, அதன் விஜிஏ சாக்கெட்டில் 1-க்கும் 6-க்கும், 2-க்கும் 7-க்கும், 3-க்கும் 8-க்கும் ஓம் அளங்கள். மூன்றும் 75-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் திறந்து கிடந்தால் அந்த நிறத்தில் மட்டும் நிழல் பலமாக இருக்கும். வழியில் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். இரண்டு மானிட்டர் ஒரே லைனில் தொங்கினால் 75 பாதியாகி 37.5 ஆகும், வெளிச்சமும் குறையும்.

#15 நிழற்கோடு

5 மீட்டர் கேபிளோட ஒரு 1 மீட்டர் எக்ஸ்டென்ஷன் சேர்த்திருந்தேன். கேவிஎம்முக்கும் மானிட்டருக்கும் நடுவுல மொத்தம் 6 வருது. மானிட்டர் பக்கம் சிவப்பு, பச்சை 75, நீலம் 76. அப்போ கேவிஎம் அவுட்புட்டா?

#16 செம்புக்கம்பி

மானிட்டர் அளவு சுத்தமாக இருந்தாலும் கனெக்டரே பிசகாக இருக்கலாம், மல்டிமீட்டர் டிசி-யில் அதைக் காட்டாது. எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு 5 மீட்டர் மட்டும் போடுங்கள். நிழல் 7 அல்லது 8 பிக்சலுக்கு நகர்ந்தால் ஒரு முனை கேவிஎம் அவுட்புட், மறுமுனை மானிட்டர். அப்படியே மறைந்தால் எக்ஸ்டென்ஷன்தான்.

#17 கைவிரல்

எனக்கு இழுத்தா மவுஸ் பாயின்ட்டர் மட்டும் விட்டு விட்டுத் தாவுது, படம் நல்லா இருக்கு. இதுவும் கேபிளா?

#18 எட்டுபிட்

இல்லை, அது டிஸ்ப்ளே கோளாறே இல்லை. ஒயர்லெஸ் மவுஸ்னா டாங்கிள் எங்கே சொருகியிருக்குன்னு பாருங்க. யூஎஸ்பி 3 போர்ட்டும் அதோட கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துல இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பத்தி ஆவணம் வெளியிட்டிருக்கு. டாங்கிளை ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷனில் மவுஸுக்குப் பக்கத்துல கொண்டுவாங்க. ஒயர் மவுஸ்னா கேவிஎம்மோட மவுஸ் எமுலேஷனை (பாக்ஸே மவுஸ் மாதிரி நடிக்கிற வசதி) அணைச்சுப் பாருங்க, அதிவேகமா தகவல் அனுப்புற கேமிங் மவுஸைப் பல பாக்ஸ் விழுங்க முடியாமத் திணறும். எமுலேஷன் இல்லாத வெறும் யூஎஸ்பி ஹப் போர்ட் பாக்ஸில் இருந்தா மவுஸை அங்கே மாத்துங்க.

#19 ஓசையற்றவன்

சரி, புதுசு வாங்க வேண்டாம். ஆனா #1-ல மானிட்டரில் டிவிஐ சும்மா கிடக்குன்னு சொல்லியிருக்கார். எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் ஒண்ணு போட்டு பி-யை நேரா அதுல கொடுத்தா கன்வர்ட்டரே வேண்டாமே. யூஎஸ்பி மட்டும் கேவிஎம்ல போகட்டும்.

#20 எட்டுபிட்

இதுதான் இந்த இழையிலேயே நல்ல யோசனை. 1080, 60-க்கு 148.5 மெகாஹெர்ட்ஸ்தான், சிங்கிள் லிங்க் டிவிஐ 165 வரை தாங்கும். சத்தம் வராது, டிவிஐ மானிட்டருக்கு அது தேவையும் இல்லை.

ஒரே இடைஞ்சல், மாத்தும்போதெல்லாம் மானிட்டரோட இன்புட் பட்டனையும் அழுத்தணும். அதையும் மென்பொருளாலேயே செய்யலாம். டிடிசி/சிஐ (வீடியோ கேபிள் வழியாவே மானிட்டருக்குக் கட்டளை அனுப்புற முறை) வழியா மானிட்டருக்கு இன்புட் மாத்தச் சொல்லுற கட்டளை உண்டு, பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் 60. விஜிஏ-வுக்கு மதிப்பு 01, டிவிஐ-க்கு 03. லினக்ஸில் டிடிசியூட்டில் இதைச் செய்யும், விண்டோஸுக்கும் சின்னச் சின்ன இலவசக் கருவிகள் இருக்கு. மானிட்டர் மெனுவில் டிடிசி/சிஐ ஆன்ல இருக்கணும். பல மானிட்டர்கள் அந்த நேரத்துல திரையில் காட்டிக்கிட்டிருக்கிற இன்புட்டிலிருந்து வர்ற கட்டளைக்குத்தான் காது கொடுக்கும். அதனால ஏ-யில் ‘03-க்குப் போ’, பி-யில் ‘01-க்குப் போ’ன்னு தனித்தனியா ஷார்ட்கட் வையுங்க. ஏ-யோட விஜிஏ இப்பவும் கேவிஎம் வழியாப் போனா சில பாக்ஸ் டிடிசி-யைக் கடத்தாது. ஏ-யையும் நேரா மானிட்டரில் சொருகிடுங்க.

#21 இரட்டைமேசை

எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டதும் பட்டை போயிடுச்சு. கன்வர்ட்டரில் யூஎஸ்பி துளை இருந்தது, அதுல தனியா 5 வோல்ட் கொடுத்து வெள்ளைப் பக்கம் அரை மணி ஓடினப்போ ஒரு தடவை கூடக் கறுக்கலை.

எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளும் மாத்திப் பார்த்தாச்சு. ஏ, பி ரெண்டும் இப்போ நேரா மானிட்டரில், பாக்ஸில் யூஎஸ்பி மட்டும். பி-யில் எழுத்து விஜிஏ-வை விடத் தெளிவா இருக்கு. டிடிசி கட்டளை ஏ-யிலிருந்து வேலை செய்யுது. பி-யிலிருந்து கொடுத்தா சில தடவை மானிட்டர் கண்டுக்கிறதே இல்லை, ரெண்டாவது தடவை அனுப்பினா மாறுது.

#22 எட்டுபிட்

ஷார்ட்கட்டிலேயே கட்டளையை அரை நொடி இடைவெளி விட்டு ரெண்டு தடவை அனுப்புற மாதிரி எழுதிடுங்க. முதல்லயே மாறிட்டா ரெண்டாவதால ஒண்ணும் ஆகாது.

#23 ஓரக்கோடு

ஏ இன்னும் விஜிஏ-தான். பாக்ஸைப் பாதையிலிருந்து எடுத்ததும் தாமதம் மாறியிருக்கும், ஃபேஸைத் திரும்ப ஒரு தடவை பார்த்துடுங்க. கம்ப்யூட்டரும் மானிட்டரும் அரை மணி ஓடிச் சூடான பிறகு பாருங்க. ஆட்டோ அட்ஜஸ்ட்தான் அழுத்தப் போறீங்கன்னா, நாலு ஓரமும் நிறைஞ்ச, எழுத்து அதிகமா உள்ள பக்கத்தைத் திறந்து வச்சுட்டு அழுத்துங்க. கறுப்பு வால்பேப்பரில் அழுத்தினா படத்தோட ஓரம் எதுன்னு மானிட்டருக்குத் தெரியாது, கிளாக்கையே தப்பா எடுத்துக்கும்.